இருக்கிற தண்டவாளத்திலேயே இன்னும் நாலு வண்டி விட முடியாதா? சேலத்திலிருந்து ஒரு பதில்

கேள்வி கேட்டவர் ஆத்தூரிலிருந்து தினமும் சேலத்துக்கு வேலைக்கு வருகிறவர். அவர் எழுதியதன் சாரம் இது: சேலத்திலிருந்து ஐந்து திசைக்குத் தண்டவாளம் போகிறது, எல்லாவற்றிலும் கரண்ட் கம்பி இழுத்தாகிவிட்டது, ஆனாலும் தோதான நேரத்துக்கு வண்டி இல்லாமல் பஸ்ஸில்தான் தொங்கிக்கொண்டு வருகிறேன்; புது லைன் எதுவும் கேட்கவில்லை, இருக்கிற லைனிலேயே இன்னும் நாலு வண்டி விட்டால் என்ன? ஊர்க்காரர்கள் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறோம், அதில் என்ன கேட்பது?

இதில் "ஏன் விடவில்லை" என்பது மேலே தெரிகிற கேள்வி. அதற்கு நிதி, கொள்கை, தேர்தல் என்று ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. கைவசம் உள்ள பாதையை வைத்து, பஸ்ஸை விட்டுவிட்டு ஜனம் ஏறுகிற மாதிரி ஒரு சேவையைத் திட்டமிட எங்கே தொடங்குவது? எனக்குத் தெரிந்த வேலை அதுதான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் ரயில் இயக்கப் பிரிவில் இருந்தவன். பாதி நாள் கண்ட்ரோல் அறையில், எந்த வண்டி போகலாம், எது நிற்கலாம் என்று முடிவு செய்கிற செக்ஷன் கண்ட்ரோலராக, மீதி நாள் அட்டவணை போடுகிற மேஜையில். 2007 நவம்பரில் பாலக்காடு, திருச்சி கோட்டங்களிலிருந்து பிரித்துச் சேலம் கோட்டம் உண்டானபோது இந்த ஊருக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டேன். தண்டவாளம் போட ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவு, மண் தாங்குமா, பாலத்துக்கு என்ன டிசைன் என்றெல்லாம் கேட்டால் நான் ஆள் இல்லை. அதைச் சிவில் என்ஜினியர்களிடம் கேளுங்கள்.

முதலில் ஐந்து திசையும் ஒன்றல்ல என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஜோலார்பேட்டையிலிருந்து வந்து ஈரோடு, கோவை போகிற மெயின் லைன் இரட்டைப் பாதை. இந்தப் பக்கத்தின் எல்லாப் பெரிய வண்டியும் அதில்தான் ஓடுகிறது. மேக்னசைட் ஜங்ஷனில் பிரிந்து ஓமலூர் போகும் பாதையில் மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கான சரக்கும் ஓடும், தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் போகிற பயணிகள் வண்டியும் ஓடும். நாமக்கல் வழியாகக் கரூர் போகிற பாதை புதிது, 2013இல் திறந்தது, சுமார் 85 கிலோமீட்டர், ஒற்றைப் பாதை. உங்கள் ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலம் போகிற பாதை குறுகிய மீட்டர் கேஜாக இருந்து அகலமானது, அதுவும் ஒற்றைப் பாதைதான். அதனால் "இன்னும் நாலு வண்டி" என்பதற்கு ஈரோட்டுப் பக்கம் ஒரு அர்த்தம், ஆத்தூர்ப் பக்கம் இன்னொரு அர்த்தம்.

ஒரு பாதையில் எத்தனை வண்டி ஓடலாம் என்பதற்கு எங்கள் ஆபீஸில் ஸ்காட் சூத்திரம் என்று ஒன்று உண்டு. பழைய கணக்கு, இன்றும் புழங்குகிறது. அந்தப் பாதையில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே இருப்பதிலேயே மோசமான இடைவெளியை எடுத்துக்கொள்ள வேண்டும். அதைக் கடக்க மெதுவான வண்டிக்கு எத்தனை நிமிடம், அதோடு சிக்னல் வாங்கிக் கொடுக்க எத்தனை நிமிடம் என்று கூட்டி, ஒரு நாளின் 1440 நிமிடத்தை அதனால் வகுத்து, வருவதில் 70 சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். உதாரணமாக, சரக்கு வண்டிக்கு 15 நிமிடம், சிக்னல் வேலைக்கு 5 நிமிடம் என்றால் மொத்தம் 20. வகுத்தால் 72, அதில் எழுபது சதவீதம் 50. ஒற்றைப் பாதையில் இது போகிறதும் வருகிறதும் சேர்ந்த எண்ணிக்கை. இதைப் பார்க்கிற எவருக்கும், "பத்துப் பதினைந்து வண்டிதானே ஓடுகிறது, இன்னும் முப்பத்தைந்துக்கு இடம் இருக்கிறதே" என்று தோன்றும். மனுக்களிலும் அப்படித்தான் எழுதுவார்கள்.

அங்கேதான் பிசகு. அந்த 50 என்பது இருபத்து நாலு மணி நேரத்துக்கு. மணிக்கு இரண்டு வண்டி. காலை ஏழு முதல் ஒன்பது வரைக்கும் எடுத்தால் இரண்டு திசைக்கும் சேர்த்து நாலே நாலு. ஆத்தூர்க்காரருக்கும் வேண்டியது அந்த நாலில் ஒன்று, சின்னசேலத்துக்காரருக்கும் அதேதான், ராத்திரி முழுக்க ஓடித் தாமதமாக வந்துகொண்டிருக்கிற தொலைதூர வண்டிக்கும் அதேதான், காலியான வேகன்களைத் திருப்பி அனுப்பத் துடிக்கிற சரக்குப் பிரிவுக்கும் அதேதான். மதியம் ஒரு மணிக்கு எத்தனை வண்டி வேண்டுமானாலும் தருவார்கள், ஏறத்தான் ஆள் இருக்காது. அதனால் மனுவில் "கூடுதல் ரயில்கள்" என்று மட்டும் எழுதினால் மதிய வண்டிதான் கிடைக்கும். கொடுத்தும் ஆயிற்று, ஆறு மாதம் கழித்து "பயணிகள் ஆதரவு இல்லை" என்று நிறுத்தியும் ஆயிற்று. இப்படி எத்தனையோ வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

ஒற்றைப் பாதையின் கஷ்டத்தை நான் கண்ட்ரோல் அறையில் இருந்தவரை முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் மேஜையில் ஒரு சார்ட் இருக்கும். குறுக்கே நேரம், நெடுக்கே ஸ்டேஷன் பெயர்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்ந்த பென்சில் கோடு. ஓடுகிற வண்டி சரிந்து போகும், நிற்கிற வண்டி படுத்துக் கிடக்கும். எக்ஸ்பிரஸ் லேட் என்றால், எதிரே வருகிற பாசஞ்சரை ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனின் லூப் லைனில், அதாவது வண்டி ஒதுங்கி நிற்கிற பக்கப் பாதையில், போட்டுவிட்டு அரை மணி நேரத்துக்கு ஒரு படுக்கைக் கோடு இழுப்பேன். வேலை முடிந்தது, அடுத்த கோடு. ரிடையர் ஆன பிறகு ஒரு நாள் ஆத்தூரில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு அதே மாதிரி ஒரு பாசஞ்சரில் திரும்பினேன். ஒரு சின்ன ஸ்டேஷனில் போட்டுவிட்டார்கள். ஐந்து நிமிடம் எல்லாரும் செல்போனைப் பார்த்தார்கள். பத்தாவது நிமிடம் சாப்பாட்டுக் கூடையோடு ஒரு அம்மா இறங்கினார். அவர் பின்னாலேயே இரண்டு காலேஜ் பெண்கள், பனியன் மூட்டையோடு ஒருவர். பிளாட்பாரத்தின் கடைசிச் சரிவில் இறங்கி, சோளக்காட்டு வரப்பு வழியாக நெடுஞ்சாலைக்கு நடந்தார்கள். இருபதாவது நிமிடம் பெட்டியில் பாதிப் பேர் இல்லை. தூரத்தில் அவர்கள் கை காட்ட, பஸ் நின்று ஏற்றிக்கொண்டு போனது இங்கிருந்தே தெரிந்தது. நான் எத்தனையோ வருஷம் ரப்பர் கூடத் தொடாமல் இழுத்த கோடு அது. அந்த அம்மா மறுநாள் ஜங்ஷனுக்கு வர ரயில் ஏறியிருக்க மாட்டார்.

சரி, என்ன செய்யலாம்? பொதுவாக எல்லாருக்கும் முதலில் தோன்றுவது வேகம். வந்தே பாரத் வந்த பிறகு இந்தப் பேச்சு கூடிவிட்டது. 2023 ஏப்ரல் 8ஆம் தேதி தொடங்கிய சென்னை–கோவை வந்தே பாரத் சேலத்தில் நின்று ஏறத்தாழ 495 கிலோமீட்டரைச் சுமார் ஐந்தே முக்கால், ஆறு மணி நேரத்தில் முடிக்கிறது. நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் சராசரி மணிக்கு 85 கிலோமீட்டர் அளவில்தான். அதிகபட்ச வேகத்துக்கும் சராசரிக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. ஒரு கணக்கு போடுகிறேன். சேலத்திலிருந்து ஈரோடு சுமார் 60 கிலோமீட்டர். நிற்காமல் 110இல் ஓடினால் 33 நிமிடம், 130இல் ஓடினால் 28. மிச்சம் ஐந்து நிமிடம். இதற்காக வளைவைத் திருத்தி, சிக்னலை மாற்றி, வேலி போட்டுச் செலவழிக்க வேண்டும். இப்போது அதே 60 கிலோமீட்டரில் ஒரே ஒரு இடத்தில், இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு, 30 கிலோமீட்டர் வேகத்தில்தான் போக வேண்டும் என்று ஒரு காஷன் ஆர்டர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் கடைசிப் பெட்டி தாண்டும்வரை வேகம் எடுக்க முடியாது, அதனால் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் ஊர வேண்டும். அதற்கு முன்னால் பிரேக் போட்டு இறங்குகிற நேரம், பின்னால் இன்ஜின் இழுத்து ஏறுகிற நேரம் எல்லாம் சேர்த்தால் இழப்பு கிட்டத்தட்ட அதே ஐந்து நிமிடம். அதாவது வலுவிழந்த ஒரு பாலத்தையோ, இறுகாத மண்மேட்டையோ சரிசெய்து அந்த ஒரு காஷனை எடுத்துவிட்டால், 130க்கு உயர்த்தியதற்குச் சமம். திறப்பு விழா நடத்த முடியாது என்பதுதான் அதன் ஒரே குறை.

கணக்கு ஒத்துவராத இடமும் உண்டு, மறைக்கக் கூடாது. சேர்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே பொம்மிடி, லோக்கூர், டேனிஷ்பேட்டை என்று மெயின் லைன் நுழைந்து வருகிற இடம், தருமபுரிப் பாதையில் தொப்பூர்க் கணவாய், இரண்டிலும் மலைதான் வேகத்தை முடிவு செய்கிறது. டேனிஷ்பேட்டைப் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர்களுக்குத் தெரியும், போகிற பாதையும் வருகிற பாதையும் ஒன்றையொன்று விட்டு விலகிக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும். தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவே 2021 நவம்பர் 12ஆம் தேதி விடியற்காலையில், மழையில் சரிந்த பாறைகள் மோதிக் கண்ணூர்–யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது. நல்லவேளை, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. இந்த மாதிரி இடத்தில் வேகத்தைக் கூட்டக் கேட்பதை விட, மழைக்காலத்தில் பாறையைக் கண்காணிக்க ஆள் போடச் சொல்வதுதான் நியாயம்.

இன்னொரு விஷயம், இது யாரும் வெளியே பேசாதது. அட்டவணையில் ஒளித்து வைத்திருக்கிற நேரம். ஏதாவது ஒரு பாசஞ்சரின் அட்டவணையை எடுத்துக் கடைசி இரண்டு ஸ்டேஷனைப் பாருங்கள். ஐந்தாறு கிலோமீட்டருக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் என்று போட்டிருக்கும். எதிர்த் திசையில் அதே தூரத்துக்கு எட்டு நிமிடம். தாமதம் கணக்கெடுக்கப்படுகிற இடம் கடைசி ஸ்டேஷன் என்பதால், எல்லா உபரியையும் அதற்கு முன்னால் கொட்டி வைக்கிற பழக்கம் இது. நானே கொட்டியிருக்கிறேன். விளைவு என்னவென்றால், வழியில் உள்ள ஊர்க்காரருக்கு வண்டி எப்போதும் லேட், காகிதத்தில் எப்போதும் சரியான நேரம். அந்த உபரியில் பாதியை எடுத்து வழியில் எதிரெதிர் வண்டிகள் விலகிப் போகிற கிராசிங் ஸ்டேஷன்களுக்குப் பகிர்ந்தாலே வண்டி நம்பகமாகிவிடும். செலவு, அட்டவணை அச்சடிக்கிற காகிதம்.

இப்போது உங்கள் ஆத்தூருக்கு வருகிறேன். சேலம் ஜங்ஷனிலிருந்து ஆத்தூர் 60 கிலோமீட்டருக்குள்தான். ஒரு மெமு வண்டி (இரண்டு முனையிலிருந்தும் ஓட்டக்கூடிய மின்சார வண்டி) ஒரு வழிக்கு 65 நிமிடம் எடுக்கிறது, இரண்டு முனையிலும் ஓட்டுநர் முனை மாறிக் கிளம்பப் பத்துப் பத்து நிமிடம் என்று வையுங்கள். போய்த் திரும்ப 150 நிமிடம். ஒரே வண்டித்தொடரை, நாங்கள் ரேக் என்போம், வைத்து இரண்டரை மணிக்கு ஒரு தடவைதான் ஓட்டலாம். காலை 6 மணிக்குப் புறப்பட்டால் அடுத்தது 8.30, அப்புறம் 11, 1.30. இந்த நேரம் எந்தப் பயணிக்கும் மனப்பாடம் ஆகாது. ஓட்டத்தை 50 நிமிடமாக்கினால் போய்த் திரும்ப 120 நிமிடம். அதே ஒரு ரேக், இரண்டு மணிக்கு ஒரு தடவை: 6, 8, 10, 12. இன்னொரு ரேக் சேர்த்தால் மணிக்கு ஒரு வண்டி. அப்போது எதிரெதிர் வண்டிகள் எங்கே சந்திக்கும்? நடுவே சரியாகப் பாதி வழியில், வாழப்பாடி சுற்றுவட்டாரத்தில் மட்டும். ஆக, இந்தச் சேவைக்கு நல்ல கிராசிங் வசதி வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. மற்ற இடத்தில் லூப் லைன் போட்டாலும் இந்த வண்டிக்குப் பிரயோஜனம் இல்லை.

இந்த 15 நிமிடக் குறைப்பை எதற்காகக் கேட்கிறோம் என்று கவனியுங்கள். பயணி கால் மணி நேரம் முன்னால் வீட்டுக்குப் போகட்டும் என்பதற்காக மட்டுமில்லை. முனை மாறுகிற நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால்தான் கடிகாரத்தோடு பொருந்தும், ஒரு ரேக் மிச்சமாகும். 45 நிமிடம் ஆக்கினாலும் இதைவிடப் பெரிய லாபம் கிடையாது, வண்டி ஆத்தூரில் சும்மா நிற்கும். சுவிட்சர்லாந்துக்காரர்கள் இதை ஒரு நாட்டுக்கே செய்து காட்டினார்கள். 1982இல் மணிக்கு மணி வண்டி என்று தொடங்கி, 1987இல் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் வாங்கி, 2004 டிசம்பரில் ஒரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தார்கள். முதலில் அட்டவணையைப் போட்டார்கள், அப்புறம் அந்த அட்டவணைக்கு எங்கே பாதை போதவில்லையோ அங்கே மட்டும் கட்டினார்கள். சூரிச்சுக்கும் பெர்னுக்கும் நடுவே புதுப் பாதை போட்டது கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனதை ஒரு மணிக்குள் கொண்டுவரத்தான். ஜங்ஷனில் எல்லாத் திசை வண்டியும் மணி அடிக்கிற நேரத்தில் வந்து சேர்ந்து, ஆட்கள் மாறி ஏறி, ஒரே சமயத்தில் பிரியும். நம் ஊரில் நடப்பது தலைகீழ். முதலில் கல்லைக் கொட்டிப் பாதை போடுவோம், பிறகு அதில் என்ன ஓட்டலாம் என்று யோசிப்போம்.

சுவிட்சர்லாந்து சின்ன நாடு, பணக்கார நாடு, இங்கே ஒத்துவருமா என்பீர்கள். நியாயம்தான். சரக்கு ரயில் கம்பெனிக்குச் சொந்தமான பாதையிலேயே நடந்த கதை ஒன்றும் இருக்கிறது. கலிபோர்னியாவில் சாக்ரமென்டோவையும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியையும் இணைக்கிற கேபிடல் காரிடார் சேவை 1991இல் நாளுக்குப் போக வர மூன்று நடையோடு தொடங்கியது. அந்தந்த வட்டார அமைப்புகள் சேர்ந்து 1998இல் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டு, பாதையில் எங்கெங்கே இறுக்கமோ அங்கே பணம் போட்டுக் கொடுத்து, பதிலுக்கு வண்டி நேரம் வாங்கினார்கள். 2006இல் சாக்ரமென்டோ–ஓக்லாந்து இடையே வேலைநாளுக்கு 16 நடை ஆயிற்று. மின்சாரம் கூட இல்லாத, டீசல் வண்டி ஓடுகிற பாதை அது.

நம் பக்கத்திலும் கல் கொட்டாமல் நடந்தது உண்டு. 2023இல் மயிலாடுதுறை–திருச்சி, திருச்சி–கரூர், கரூர்–சேலம் என்று துண்டு துண்டாக ஓடிய வண்டிகளைக் கோத்து ஒரே மயிலாடுதுறை–சேலம் எக்ஸ்பிரஸ் ஆக்கினார்கள். நாமக்கல்காரர் இறங்காமல் திருச்சி, தஞ்சாவூர் போகிறார். துண்டு வண்டியாக இருந்தபோது ஒவ்வொரு முனையிலும் ரேக் மணிக்கணக்கில் சும்மா நின்றது, அந்த நேரம் ஓட்டமாக மாறியது. இதில் ஒரு ஆபத்தும் உண்டு. கோத்த வண்டி நீளமாகிவிடும். கும்பகோணத்தில் பிடித்த தாமதம் ராசிபுரம்வரை தொற்றும். துண்டு வண்டியில் அது கரூரிலேயே நின்றிருக்கும். எங்கே கோக்கலாம், எங்கே வெட்டலாம் என்பதற்குப் பொது விதி கிடையாது, பாதையின் தாமத வரலாற்றைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதுவரை எழுதியதில் கணக்கு சார்ந்த பகுதிக்கு நான் பொறுப்பு. இனி சொல்வது அனுபவ ஊகம். மணிக்கு ஒரு வண்டி விட்டால் கூட்டம் வருமா? கூடும், ஆனால் வண்டியை இரட்டிப்பாக்கினால் கூட்டம் இரட்டிப்பாகாது, அதற்குக் கீழேதான் நிற்கும். முதல் ஒரு வருஷம் காலியாகத்தான் ஓடும். பஸ்ஸில் போய்ப் பழகிய கால் சட்டென்று திரும்பாது. கட்டணமும் ஒரு காரணம். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சரை எக்ஸ்பிரஸ் கட்டணத்துக்கு மாற்றிக் குறைந்தபட்சம் 30 ரூபாய் வாங்கினார்கள், 2024 பிப்ரவரியில்தான் மறுபடி 10 ரூபாய் ஆனது. இடையில் பிரிந்து போன ஜனம் அத்தனை பேரும் திரும்பிவிட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அதைவிட முக்கியம், 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து சேலம் வருகிற பெண் பத்து ரூபாய் கொடுத்து ரயிலேற என்ன காரணம் இருக்கிறது? அதனால் கிட்டத்து ஊர்களை நம்பிச் சேவை திட்டமிடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். வாழப்பாடிக்கு அப்பால், பஸ்ஸில் ஒரு மணி நேரம் தாண்டுகிற ஊர்களில்தான் ரயிலுக்கு ஆள். எல்லா ஊரிலும் நிறுத்தம் கேட்டால் 50 நிமிடம் கனவாகிவிடும். மெமு வண்டிக்கே ஒரு நிறுத்தம் இரண்டு, மூன்று நிமிடத்தைத் தின்னும், இன்ஜின் வண்டிக்கு ஐந்து நிமிடம். நாலு நிறுத்தத்துக்கு மேல் எனக்குச் சம்மதம் இல்லை. உங்கள் மனுவில் கையெழுத்துப் போடுகிற ஊர்களுக்குள்ளேயே இதனால் சண்டை வரும், தயாராக இருங்கள்.

சரக்கு எப்படிப் போகும் என்பதும் சந்தேகம்தான். பயணிகள் வண்டியின் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் கட்டணமாகத் திரும்புகிறது என்று ரயில்வே டிக்கெட்டிலேயே அச்சடித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கலாம். மீதியை நிரப்புவது சரக்கு. மேட்டூருக்குப் போகிற நிலக்கரி வண்டியை ஓரங்கட்டிவிட்டு மெமுவை விடு என்று எந்த அதிகாரியிடமும் சொல்ல முடியாது. ஆனால் நிலக்கரிக்கு எட்டு மணி ஆபீஸ் கிடையாது. காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் மட்டும் சரக்கை ஒதுக்கி வைக்கச் சொன்னால் கேட்பார்கள். நாள் முழுக்க முன்னுரிமை கேட்டால் எதுவும் கிடைக்காது.

ஜங்ஷனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூரமங்கலத்தில் இறங்கி, பழைய பஸ் ஸ்டாண்ட் போக டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் ஆத்தூர் பஸ் ஊருக்குள்ளேயே வந்து இறக்கிவிடும். உங்கள் பாதைக்கு ஒரு அதிர்ஷ்டம், அது டவுன் ஸ்டேஷன் வழியாக வருகிறது. கடைவீதி, கலெக்டர் ஆபீஸ் வேலைக்காரர்கள் அங்கேயே இறங்கலாம். நாமக்கல், ஈரோடு பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்களுக்கு ரயிலை விட ஜங்ஷன் வாசலில் வண்டிக்குத் தக்கபடி நிற்கிற டவுன் பஸ்தான் அவசரம். ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் கதை இன்னும் பாவம். ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று பெயரைப் பார்த்து ஏறுகிற வெளியூர்க்காரர்கள் உண்டு. அது ஈரோட்டுக்குப் போகிற வண்டி. சேலத்தில் விடியுமுன் இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும்.

மனுவுக்கு வருகிறேன். "கூடுதல் ரயில்" என்ற வார்த்தையே வேண்டாம். ஆத்தூரில் காலை 7.40க்குப் புறப்பட்டு 8.30க்குள் டவுன் ஸ்டேஷன், திரும்பச் சேலத்தில் மாலை 6.10, அதைத் தவறவிட்டவர்களுக்கு 8.10 என்று நிமிடத்தோடு எழுதுங்கள். அந்தக் கடைசி வண்டியை விட்டுவிடாதீர்கள். திரும்பி வர வண்டி இல்லை என்றால் காலையிலும் ரயில் ஏற மாட்டார்கள், கடைசி வண்டி காலியாக ஓடினாலும் அதுதான் மற்ற வண்டிகளை நிரப்புகிறது. இரண்டாவதாக, அந்தப் பாதையில் நிரந்தரமாக இருக்கிற வேகக் கட்டுப்பாடுகளின் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, எதை எடுத்தால் எத்தனை நிமிடம் மிச்சம் என்று மேலே சொன்ன மாதிரி கணக்குப் போட்டு இணையுங்கள். மூன்றாவதாக, நடு வழிக் கிராசிங் ஸ்டேஷனில் இரண்டு வண்டியும் ஒரே சமயத்தில் உள்ளே வர அனுமதிக்கிற சிக்னல் அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு வண்டி ஸ்டேஷனுக்கு வெளியே சில நிமிடம் நிற்கும். டவுன் பஸ் இணைப்புக்குப் போக்குவரத்துக் கழகத்திடம் தனி மனு.

அதற்கு முன்னால் ஒரு வேலை. திங்கள் முதல் சனிவரை, காலை 7 முதல் 9 வரை, ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் நின்று சேலம் பஸ்ஸில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், அதில் எத்தனை பேர் நின்றுகொண்டு போகிறார்கள் என்று கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை குறித்து வையுங்கள். மாலையில் சேலத்தில் அதே வேலை. எண்ணி முடித்ததும் இங்கேயே போடுங்கள். எந்த நேரத்துக்கு வண்டி கேட்கலாம் என்று சார்ட்டில் கோடு போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.